மேசையில் பூட்டியதால் பணம் திரும்பாதாம்: பெஞ்ச் கிரைண்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. "பொருள் பயன்படுத்தப்பட்டுவிட்டது, திரும்பப் பெற இயலாது" என்று அந்த இணைய விற்பனைத் தளம் இன்று காலை கையை விரித்துவிட்டது. வீட்டுப் பட்டறைக்கு மலிவாக ஒரு பெஞ்ச் கிரைண்டர் (மேசையில் பூட்டிக் கருவிகளைத் தீட்டும் சாணை இயந்திரம்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உளியும் டிரில் பிட்டும் தீட்ட, 150 மி.மீ. கல் இரண்டு பூட்டிய சின்ன இயந்திரம் எனக்குப் போதும். வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் கேட்டேன்: கல் ஆடுமா? தீட்டும்போது உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் கல்லுக்கு 3 மி.மீ. வரை நெருங்குமா? உடனே பதில் வந்தது, கூடவே ஒரு வீடியோ. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்தியிருந்தார்கள். அது அசையவே இல்லை. "இதே இயந்திரம்தான் சார் உங்களுக்கு வரும், என்னை நம்புங்கள்." நம்பி அரை மாதச் சம்பளத்தைக் கட்டினேன்.

வந்த இயந்திரத்தில் ஒரு கல்லின் பக்கவாட்டில் காகித வட்டமே இல்லை. கல் தாங்கும் உச்ச வேகம் அதில்தான் அச்சிட்டிருக்கும். கல்லுக்கும் அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் வட்டுக்கும் நடுவே மெத்தையாக இருப்பதும் அதுதான். அந்தக் கல்லைக் கழற்றி, துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினேன். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். இது 'டொக்' என்றது. விரிசல்! நிமிடத்துக்கு 2850 சுற்று ஓடும் மோட்டாரில் இதை மாட்டி ஒருவருக்கு அனுப்ப எப்படி மனம் வருகிறது? வெடித்தால் சில்லுகள் நேரே முகத்துக்குத்தான் வரும்.

மறுபக்கக் கல் கணீரென்றது, ஆனால் ஓடும்போது பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. ஃபிளாஞ்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன். தகட்டை அழுத்திச் செய்த மலிவுச் சாமான், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. டூல் ரெஸ்ட்டை எவ்வளவு தள்ளியும் விரல் நுழையும் இடைவெளி. உளி அதில் சிக்கினால் கல் அதை உள்ளே இழுத்துவிடும்.

விற்பனையாளரின் முதல் பதில்: "கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், சரியாகிவிடும்." விரிசல் விட்ட கல்லையா ஓடவிடுவது? அடுத்தது: "கல்லை டிரஸ் செய்யுங்கள்." டிரஸ் செய்தால், அதாவது கல்லின் முகத்தைச் சீவினால், அதன் வட்டம் சீராகும், வளைந்த ஃபிளாஞ்ச் நிமிராது. பிறகு, கல் தேயும் பொருள் என்பதால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள். அதன்பின் பதிலே இல்லை. தளத்திடம் போனால், மேசையில் போல்ட் போட்டுவிட்டதால் அது பழைய பொருளாம். மேசையில் பூட்டாமல் இயக்கக் கூடாது என்று அவர்கள் அனுப்பிய கையேட்டிலேயே இருக்கிறது! பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அரை மாதச் சம்பளம், தீர்க்கப்பட்டுவிட்டது!

அறிவுரையை விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். பூட்டும் முன் இரண்டு கற்களையும் தட்டிப் பாருங்கள். இடப்பக்க நட்டு இடது மரை, வலச்சுற்றாகத் திருகினால்தான் கழலும். உச்ச வேகம் எழுதாத கல்லை மாட்டவே மாட்டாதீர்கள். ஃபிளாஞ்ச் கடைந்து செய்ததா, தகடா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் ஓட்டத்தில் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஒரு நிமிடமாவது ஓடவிடுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு.