விறகு பாய்லருக்கு எந்த மூவழி வால்வு, எந்த அளவில்?

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்வீடன் கிராமப்புறங்களில் பல வீடுகளைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருப்பது விறகு பாய்லர். விறகை முழு வீச்சில் எரித்து, சூட்டைப் பெரிய தண்ணீர் டேங்கில் சேர்த்து, அங்கிருந்து ரேடியேட்டருக்கு எடுப்பார்கள். புதிய பாய்லருக்கு ஜெர்மானிய விதி கிலோவாட்டுக்குக் குறைந்தது 55 லிட்டர் டேங்க் கேட்கிறது. 30 கிலோவாட் பாய்லர் என்றால் 1,650 லிட்டர்.

இந்த பாய்லருக்கு எமன், டேங்க் அடியிலிருந்து குளிர்ந்து திரும்பும் தண்ணீர். அது 55 முதல் 60 டிகிரிக்குக் கீழே உள்ளே வந்தால், புகையிலுள்ள நீராவி பாய்லரின் உட்சுவரில் வியர்க்கும். அதோடு தாரும் அமிலமும் சேர்ந்து படிந்து இரும்பை அரிக்கும். நன்றாகக் காய்ந்த விறகு போட்டாலும் தப்ப முடியாது, ஏனென்றால் மரத்திலுள்ள ஹைட்ரஜன் எரிந்தாலே தண்ணீர் உண்டாகிறது. அதனால் பாய்லரிலிருந்து புறப்படும் சூடான தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டு, உள்ளே வரும் தண்ணீரோடு கலக்க மூவழி வால்வு, அதாவது மூன்று வாய் கொண்ட வால்வு, ஒன்று வேண்டும். அதற்கு மூன்று வழிகள் போட்டி போடுகின்றன.

முதலாவது, தனி தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளே மெழுகு அடைத்த குப்பி, சூடானால் விரிந்து டேங்க் பக்க வாயைத் திறக்கும். கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம். 60 டிகிரி என்று குறித்த வால்வு 60-இல் திறக்கத் தொடங்கி, சுமார் 70-இல்தான் பைபாஸை, அதாவது சூடான தண்ணீர் டேங்குக்குப் போகாமல் பாய்லருக்கே திரும்பும் குறுக்குவழியை, முழுதாக மூடும். சில மாடல்களில் பைபாஸ் கடைசி வரை முழுதாக மூடாது. அப்படிப்பட்டதை வாங்கினால் பைபாஸ் பைப்பில் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு பேலன்சிங் வால்வு போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் விறகு கொழுந்துவிட்டு எரியும் நேரத்தில் பாதித் தண்ணீர் டேங்க் பக்கமே போகாமல் பாய்லரையே சுற்றிக்கொண்டிருக்கும். பைபாஸ் முழுதாக மூடும் மாடலுக்குச் சற்று அதிக விலை கொடுப்பது வீணல்ல.

இரண்டாவது, மோட்டார் வைத்த கலவை வால்வு. வெப்பநிலையை விரும்பியபடி மாற்றலாம். நெருப்பு அடங்கும் நேரத்தில் மிச்சச் சூட்டையும் டேங்குக்கு இழுத்துவிடலாம். ஆனால் கரண்ட் போனால், ஸ்பிரிங் இல்லாத மோட்டார் எந்த நிலையில் இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். பைபாஸ் நிலையில் நின்றால் எரியும் விறகின் சூட்டுக்குப் போக்கிடமே இல்லை. பாய்லரின் சொந்தக் கன்ட்ரோலரே இந்த மோட்டாரை இயக்கும் என்றால் மட்டும் இதை எடுக்கலாம். தனியாக ஒரு கன்ட்ரோலர் வாங்கி இணைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, லோடிங் யூனிட். பம்ப், தெர்மோஸ்டாட் வால்வு, தெர்மாமீட்டர்கள் எல்லாம் ஒரே உடலில் இருக்கும். ஸ்வீடனின் லடோமேட் 21 இதில் நன்றாக அறியப்பட்டது. இதன் அருமை உள்ளேயிருக்கும் சிறு மடல். பம்ப் ஓடும்போது மூடியிருக்கும், கரண்ட் போனதும் தானாகத் திறந்து, சூடான தண்ணீர் தன் போக்கில் டேங்குக்கு ஏற வழிவிடும். டேங்க் பாய்லருக்குப் பக்கத்திலேயே நின்று, பைப் அகலமாகவும் குறுகிய தூரமாகவும் இருந்தால்தான் இது வேலை செய்யும். அந்த அமைப்பு இருக்கும் வீட்டுக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. டேங்க் வேறு கட்டடத்தில் இருந்தால், தனி தெர்மோஸ்டாட் வால்வும் அதற்கேற்ற பம்பும் போதும்.

வகையை முடிவு செய்தபின் அளவு. இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். பைப் ஒரு அங்குலம், ஆகவே வால்வும் ஒரு அங்குலம் என்று வாங்கக்கூடாது. பார்க்கவேண்டியது கேவிஎஸ் எண். முழுதாகத் திறந்த வால்வில் 1 பார் அழுத்தம் இழக்கும்போது மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்பதே அது. ஒரே அளவு மறை கொண்ட இரண்டு வால்வுகளில் ஒன்றுக்கு 3.2 என்றும் மற்றொன்றுக்கு 9 என்றும் இருக்கலாம்.

கணக்கு எளிது. கிலோவாட்டை 0.86 ஆல் பெருக்கி, போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். 30 கிலோவாட், 15 டிகிரி வித்தியாசம் என்றால் 1.72. அதைக் கேவிஎஸ் எண்ணால் வகுத்து, வர்க்கம் செய்தால் இழப்பு பாரில் வரும். 3.2 வால்வில் 0.29 பார், அதாவது ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் சுமை. ஆறு மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பம்பின் பலத்தில் பெரும்பகுதியை வால்வே தின்றுவிடும். ஓட்டம் குறையும், பாய்லர் 90 டிகிரியைத் தாண்டும், கன்ட்ரோலர் விசிறியை நிறுத்தும், நெருப்பு புகைந்து தார் படியும். 9 வால்வில் இழப்பு வெறும் 0.037 பார். பாய்லர் பக்கத்தில் பெரிய எண்ணே நல்லது.

வீட்டுப் பக்கம் கதை தலைகீழ். டேங்கிலிருந்து ரேடியேட்டருக்கு அனுப்பும் கலவை வால்வுக்கு 3 முதல் 15 கிலோபாஸ்கல் வரை இழப்பு இருக்கவேண்டும் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்). 10 கிலோவாட், 20 டிகிரி வித்தியாசம் என்றால் மணிக்கு 0.43 கன மீட்டர்தான். கேவிஎஸ் 1.6 போட்டால் இழப்பு 7 கிலோபாஸ்கல், 2.5 போட்டால் 3. பழக்கத்தில் 6.3 போட்டுவிடுகிறார்கள். இழப்பு அரை கிலோபாஸ்கலுக்கும் கீழே போய், மோட்டார் நூலளவு திறந்தாலே கொதிநீர் பாய்கிறது. உடனே மூடும், மறுபடி திறக்கும், நாளெல்லாம் ஊசலாடும். தரையைச் சூடாக்கத் தரைக்கடியில் குழாய் ஓடும் வீட்டில் இது இன்னும் மோசம். 35 டிகிரி அனுப்பி 28 டிகிரி திரும்பும் அமைப்பில், டேங்க் 80-இல் இருந்தால், கலவையில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் டேங்கிலிருந்து வரவேண்டும். வால்வுக்கும் தரைச் சுற்றுக்கும் இடையே, தரையிலிருந்து திரும்பும் தண்ணீரில் ஒரு பங்கை எப்போதும் கலக்கும் ஒரு நிலையான பைபாஸ் வைத்து, வால்வு நடுப்பகுதியில் வேலை செய்யும்படி ஆக்குவதே இதற்கு வழி. முழுத் திருப்பத்துக்கு 120 வினாடி எடுக்கும் நிதானமான மோட்டாரும் உதவும்.

பாய்லர் பக்க வால்வைப் பொருத்தும்போது பம்ப் எப்போதும் கலவை வெளியேறும் வாய்க்கும் பாய்லருக்கும் நடுவே இருக்கவேண்டும். டேங்க் பக்கம் வைத்துவிட்டால், வால்வின் டேங்க் பக்க வாய் மூடியிருக்கும் தொடக்க நேரத்தில் தண்ணீரே சுற்றாது. வால்வின் உடலில் ஏ, பி, ஏபி என்று பொறித்திருப்பதைப் பார்த்து இணையுங்கள்: ஏபி கலவை. மற்ற இரண்டும் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கையேட்டுப் படத்தைப் பார்க்காமல் பைப்பை வெட்டவேண்டாம்.

அழுத்தப் பாதுகாப்பு வால்வும், 95 டிகிரி சுமாரில் திறந்து குளிர்ந்த நீரைப் பாய்லருக்குள்ளிருக்கும் சுருள்குழாய் வழியே ஓட்டும் வெப்ப வெளியேற்று வால்வும் மேலே சொன்னவற்றுக்கு மாற்றல்ல. இரண்டும் கட்டாயம் வேண்டும். பாய்லருக்கும் அழுத்த வால்வுக்கும் நடுவே எந்த மூடுவால்வும் கூடாது. 50 கிலோவாட் வரை அரை அங்குல அழுத்த வால்வு போதும். வெப்ப வெளியேற்று வால்வுக்குக் கிணற்று மோட்டாரிலிருந்து தண்ணீர் கொடுத்தால் பயனில்லை, ஏனென்றால் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். ஊர்க் குழாயிலிருந்தோ, மேல்நிலைத் தொட்டியிலிருந்து போதிய அழுத்தத்திலோ வரவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்குமுன், வெப்ப வெளியேற்று வால்வின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, வடிகாலில் தண்ணீர் தாராளமாக ஓடுகிறதா, விட்டதும் சொட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சொட்டினால் வால்வு உட்கார்ந்து மூடும் இடத்தில் குப்பையோ உப்போ சிக்கியிருக்கும். கழற்றித் துடைத்தும் சொட்டினால் வால்வை மாற்றிவிடுங்கள்.