கிடைக்காத ரேடியேட்டர் ஹோஸுக்கு மாற்று எது? ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் அம்பத்தூர் வரை

இன்ஜினிலிருந்து சூடான கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குக் கொண்டுபோவது மேல் ஹோஸ். காரிலிருந்து கழற்றிய அதை நீளவாக்கில் பிளேடால் கீறிப் பிரித்தேன். வெளிப்புறத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை. துடைத்தால் புதிது போலவே இருந்தது. உள்ளேயோ, கிளாம்ப் பிடித்திருந்த முனையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டருக்குள் கோடையில் வற்றிய ஏரிப் படுகை மாதிரிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு வெடிப்பு ரப்பருக்குள் இருக்கும் நூல் பின்னல் வரைக்கும் இறங்கிவிட்டது. கூலன்ட் அந்த நூலில் ஊறி வந்துதான் இரண்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்ஜினின் உலோகம், கூலன்ட், கார்பன் கலந்த ரப்பர் மூன்றும் சேர்ந்தால் சிறு மின்கலம் போல வேலை செய்து, ரப்பரை உள்ளிருந்தே அரிக்கும். அதனால் கண்ணால் பார்த்து ஹோஸை நம்பக் கூடாது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு முனைப் பகுதியையும் நடுப்பகுதியையும் விரல் நுனியால் அமுக்கி ஒப்பிட வேண்டும். நடுப்பகுதி திடமாக இருந்து முனை மட்டும் கொழகொழவென்று அமுங்கினால் அதன் காலம் முடிந்தது.

என் கார் 1999 மாடல். அந்த வளைவுள்ள ஹோஸ் இப்போது வருவதில்லை. திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சரோ மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஐகானோ வைத்திருக்கும் நண்பர்களும் என்றாவது ஒரு நாள் இதே தேடலில் இறங்கத்தான் வேண்டியிருக்கும். ஆகவே, நான் விசாரித்தும் மாட்டியும் பார்த்த வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் தேடுவது பழைய இருப்பு. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் பரணிலிருந்து பிரிக்காத உறையோடு எடுத்துத் தந்தால் மனம் குளிர்ந்துவிடும். வளைவு அச்சாகப் பொருந்தும். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். ஆனால் ரப்பர் உறைக்குள் இருந்தாலும் வயதாகத்தான் செய்யும். சென்னைப் பரணின் வெப்பத்தில் பதினைந்து ஆண்டு கிடந்த ஹோஸைப் புதியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடையிலேயே கையில் வாங்கி மெதுவாக வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளேயும் விரல் விட்டுத் தடவுங்கள். இரண்டிலும் தேறினால் தயங்காமல் வாங்கலாம். எனக்குக் கிடைத்தது தேறவில்லை.

புதுப்பேட்டையில் பிரித்த கார்களின் ஹோஸ் மலிவாகவே கிடைக்கும். அதை வாங்காதீர்கள். நம் ஹோஸுக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதற்கும். கதவு, ஆல்டர்னேட்டர், தெர்மோஸ்டாட் உறை என்று இரும்பும் அலுமினியமும் வாங்கப் புதுப்பேட்டையை விட்டால் நமக்கு வேறு கதியில்லை என்பேன். ரப்பருக்கு மட்டும் அங்கே போக வேண்டாம்.

எப்படியும் வளையும் என்று விற்கப்படும் மடிப்பு மடிப்பான ஹோஸ், வழியில் நின்றுவிட்ட காரை வீடு சேர்க்க உதவும். விறைப்பாக இருப்பதால் ரேடியேட்டரில் ஹோஸ் ஏறும் பிளாஸ்டிக் கழுத்தை எந்நேரமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். கழுத்து விரிந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது சிலிக்கான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவு செய்யத் தயாராக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போவது அங்கேதான். நேர்த்துண்டு, 45 பாகை, 90 பாகை முழங்கை என்று கிடைக்கும். நடுவே அலுமினியக் குழாய் வைத்து இணைத்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ் வரை தாங்கும். வழக்கமான ஹோஸ்களில் வரும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் 125 பாகை அளவில் தாங்கும். ஆனால் நம் கூலன்ட் கத்திரி வெயிலில் கத்திப்பாராவில் ஊர்ந்தாலும், விசிறி சரியாக ஓடினால் 100 பாகையை ஒட்டித்தான் நிற்கும். தேவைப்படாத தாங்குதிறனுக்குப் பணம் கொடுப்பானேன்? போதாததற்கு, சிலிக்கான் சுவர் வழியே நீராவி மெல்ல மெல்லக் கசியும். எங்கும் சொட்டாமலே கூலன்ட் மட்டம் இறங்கும். எண்ணெய் பட்டால் கெடும். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் அதன் மென்மையான உடலைக் கிழித்துவிடும் என்பதால் உட்புறம் வழவழப்பான கிளாம்ப் வேண்டும். இவற்றையெல்லாம்விட என்னைத் தடுத்தது இணைப்புகள்தான். இரண்டு கிளாம்ப் இருந்த இடத்தில் ஆறு வரும். கசிய இடமும் அத்தனை.

நான் தேர்ந்தெடுத்தது, இன்றும் தயாரிப்பில் இருக்கும் வேறொரு காரின் புதிய ஹோஸை வாங்கி, நம் வளைவுக்கு ஏற்ற பகுதியை வெட்டி எடுப்பது. “சார், நேர் ஹோஸை வளைத்து மாட்டாதீர்கள். வளைந்த ஹோஸாகத் தேடி மாட்டுங்கள்” என்று அயனாவரத்து மெக்கானிக் சொன்னதுதான் வழிகாட்டியது. நேர் ஹோஸை வளைத்தால் வளைவின் உட்புறம் மடிந்து ஓட்டம் அடைபடும். கீழ் ஹோஸில் இது இன்னும் ஆபத்து. பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் தளர்ந்த ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

தடித்த கம்பி ஒன்றை ரேடியேட்டர் கழுத்திலிருந்து இன்ஜின் கழுத்து வரை, ஹோஸ் போக வேண்டிய பாதையிலேயே வளைத்தேன். விசிறி, பெல்ட், புகைக்குழாய் மூன்றிலிருந்தும் விலகி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டு கழுத்துகளின் வெளிவிட்டத்தையும் வெர்னியரால் அளந்தேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பியோடு கடைக்குப் போனால் மாடல் பெயரே வேண்டாம். கடைக்காரர் நான்கு ஹோஸ்களை எடுத்துப் போட்டார். மூன்றாவது கம்பியின் மேல் அப்படியே படிந்தது. ஒரு முனையில் ஆறு சென்டிமீட்டர் வெட்டினால் போதும் என்றிருந்தது. செலவு சிலிக்கானுக்கு ஆகியிருப்பதில் சிறு பங்கு. அடுத்த முறை தேவைப்பட்டால் அதே ஹோஸ் எந்த ஊரிலும் கிடைக்கும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அம்பத்தூர்ப் பக்கத்துச் சிறு ரப்பர் பட்டறைகளில் செய்யச் சொல்லி வாங்குவதே தரத்தில் உயர்ந்த வழி. வேகாத ரப்பர்க் குழாயை நம் வளைவுள்ள உலோக அச்சில் ஏற்றி, நீராவியில் வேகவைத்து எடுப்பார்கள். அச்சுச் செலவு இருப்பதால் ஒற்றை ஹோஸுக்குக் கட்டுப்படியாகாது. ஒரே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதற்கே போங்கள் என்பேன்.

ஹீட்டர் ஹோஸுக்கு இவ்வளவு பாடு இல்லை. பெரும்பாலும் நேராக ஓடுவதால் கூலன்ட்டுக்கென்றே விற்கும் ஈபிடிஎம் ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். பெட்ரோல் ஹோஸையோ தோட்டத்துக் குழாயையோ மட்டும் மாட்டிவிட வேண்டாம்.

எதை மாட்டினாலும் கழுத்தில் படிந்த வெள்ளை உப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த உப்பில் பாதி நம் போர்வெல் தண்ணீர் கொடுத்தது. இனி கூலன்ட்டோடு காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுகிறேன். ரேடியேட்டர் மூடியும் பழையதென்றால் அதில் பொறித்திருக்கும் அதே அழுத்த எண்ணுள்ள புதிய மூடி போடுங்கள், 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டு பழைய ரேடியேட்டரைச் சோதிக்க வேண்டாம்.

முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் ஆறியதும் கிளாம்ப்புகளை மீண்டும் ஒரு முறை இறுக்கினேன். இரண்டும் அரைச் சுற்று ஏறின. ஹோஸின் மேல் வெள்ளை மார்க்கரில் மாட்டிய தேதியையும், அது எந்தக் காருக்கான ஹோஸ் என்பதையும் எழுதினேன். வளைத்த கம்பி டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கிறது.