மெழுகிலேயே கல் பதித்து வார்க்கும் சேவை: பொடிக்கல் வரிசைக்கு நம்பிக் கொடுக்கலாம்

நகை டிசைன் செய்கிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வார்த்து, ராவி, மெருகு போட்ட பிறகு ஒவ்வொரு கல்லாக உட்கார வைப்பதுதான் வழக்கம். நான் வேலை கொடுத்த இந்த வார்ப்புப் பட்டறைக்காரர்கள் செய்வது தலைகீழ். நகையின் மெழுகு மாதிரியிலேயே கல்லைப் பதித்துவிடுகிறார்கள், அதைச் சுற்றி பிளாஸ்டர் கலவையை ஊற்றி இறுகவிட்டு, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றி, கல் அச்சுக்குள்ளேயே இருக்க உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். வெள்ளியில் க்யூபிக் ஸிர்கோனியா (வைரம் போலத் தெரியும் செயற்கைக் கல்) வரிசை வைத்த பட்டை மோதிரங்களும், 18 கேரட் தங்கத்தில் பொடி வைரம் வைத்த ஒரு பதக்கமும் கொடுத்து வாங்கினேன்.

முதலில் பிடித்தது, என்ன கல் என்று தெரியாமல் மெழுகையே தொடமாட்டேன் என்கிறார்கள். வைரம், மாணிக்கம், நீலம், கார்னெட், க்யூபிக் ஸிர்கோனியா இவற்றோடு சரி. மரகதம், ஓப்பல், முத்து, செவ்வந்திக்கல் எதுவும் கூடாது. மாணிக்கத்திலும் விரிசலைக் கண்ணாடி ஊற்றி நிரப்பிய ரகம் என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அந்த நிரப்பு சூளைச் சூட்டைத் தாங்காது. பிளாட்டினத்தில் செய்து தருவீர்களா என்று கேட்டதற்கும் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்கள். அது உருகவே 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தச் சூட்டை எந்தக் கல்லின் மேல் ஊற்றுவது? எதையும் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போட்டுக்கொள்ளும் பட்டறைகளுக்கு நடுவில் இது எனக்குப் பெரிய விஷயம்.

இந்த வேலையின் உயிர் சூட்டில்தான் இருக்கிறது. கல் இல்லாத அச்சைச் சூளையில் 730 டிகிரி வரை கொண்டுபோவது வழக்கம். வைரம் உள்ளே இருக்கும்போது அப்படிப் போனால் அதன் மேற்பரப்பு காற்றில் எரிய ஆரம்பித்து, பால் படிந்தது போல மங்கிவிடும், கல்லை வெளியே எடுத்து மறுபடி பட்டை தீட்டினால்தான் அது போகும். அதனால் 630 டிகிரி பக்கத்திலேயே நிறுத்தி, மெழுகின் கரி மிச்சமில்லாமல் போகும்வரை கூடுதல் நேரம் காற்றோட்டத்தோடு வைத்திருக்கிறார்கள். கரி தங்கினால் அது பிளாஸ்டரிலுள்ள ஜிப்சத்தைச் சிதைத்து, கந்தக வாயு கிளம்பி, உலோகத்தில் ஊசிக்குத்து ஓட்டைகளாக வந்து நிற்கும். கலவையில் போரிக் அமிலமும் சேர்க்கிறார்கள், அது வைரத்தின் மேல் மெல்லிய காப்பாகப் படிகிறது. ஊற்றி முடித்ததும் வழக்கம் போலத் தண்ணீரில் முக்குவதில்லை, தானாக ஆறவிடுகிறார்கள். அவசரப்பட்டு முக்கினால் கல் வெடித்துவிடும். ஆர்டர் கைக்கு வர நேரமாவதற்கு இதெல்லாம் காரணம், அந்தத் தாமதத்தை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

சரி, வந்த சரக்கு எப்படி? 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் கண்ணாடியில் பார்த்தேன். பதக்கத்து வைரங்களில் மங்கல் துளியும் இல்லை. ஒவ்வொரு கல்லின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, உலோகம் ஆறும்போது சுருங்கி விளிம்பை இறுகப் பிடித்திருப்பதால் ஊசியால் நெம்பினாலும் அசையவில்லை. கையால் இத்தனை பொடிக்கல்லை இவ்வளவு சீராக வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மோதிரங்களில் ஒன்றில்தான் இரண்டு கோளாறு. ஓரிடத்தில் கல்லின் ஓரத்தின் மேல் முடி போல ஒரு வெள்ளிச் சவ்வு ஓடியிருந்தது. கல்லுக்குப் பின்னால் திறப்பு போதாமல் பிளாஸ்டர் அதை இரண்டு பக்கமும் கவ்வவில்லை என்றால் கல் லேசாக நகரும், உலோகம் மேலே ஏறிவிடும். இன்னோரிடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கற்கள் உரசிக்கொண்டு, உலோகம் சுருங்கும்போது ஒன்று விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. ஒன்றும் வாதாடாமல் புது மோதிரமே வார்த்துக் கொடுத்தார்கள். பழையதிலேயே கல்லை மாற்றிக் கேட்டிருந்தால் கல்லைப் பிடித்திருக்கும் ப்ராங்கை (உலோகக் கொக்கியை) வெட்டித் திறக்க வேண்டியிருக்கும், அது ஒரு நாளும் முன்பு போல மூடாது.

என் மனக்குறை ஒன்றுதான், இரண்டு கோளாறும் மெழுகிலேயே கண்ணுக்குத் தெரிகிறவை. கல்லுக்குக் கல் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறதா, பின்திறப்பு போதுமா என்று சூளைக்குப் போகுமுன் ஒரு படம் எடுத்து அனுப்பினால் நாமே பார்த்துச் சொல்லிவிடலாம். கேட்டால்தான் அனுப்புகிறார்கள், கேட்காவிட்டால் நேராக வார்ப்புக்குப் போய்விடுகிறது. அப்புறம், கல்லின் அடியில் மெருகுக் கம்பி நுழையாது என்பதால் மெழுகின் பின்பக்கத்தையும் வழவழப்பாக முடித்துக் கேளுங்கள், அங்கே விட்ட கீறல் அப்படியே உலோகத்தில் வந்துவிடுகிறது.

ஒரே அளவு பொடிக்கல், வரிசை வரிசையாக, ஒரே டிசைன் பல எண்ணிக்கை வேண்டும் என்றால் தயங்காமல் இவர்களிடம் கொடுக்கலாம். நடுவில் ஒற்றைப் பெரிய கல், அதுவும் விலை உயர்ந்தது என்றால் நான் கொடுக்கமாட்டேன். சுற்றிலும் உள்ள பொடிக்கற்களை மட்டும் இங்கே வார்த்து வாங்கி, நடுக்கல்லைக் கடைசியில் கையால் பதிக்கச் சொல்வேன். இப்போது கொடுத்திருக்கும் ஆர்டரை அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறேன், மெழுகுப் படம் அனுப்பிவிட்டுத்தான் சூளையில் வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.