கறுத்தகொழும்பான் ஒட்டுக்கன்று: வன்னி வளவுக்கு வாங்கலாமா?

வளவில் ஒரேயொரு மாமரத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால், யோசிக்காமல் கறுத்தகொழும்பான் ஒட்டுக்கன்றை வையுங்கள். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு நாற்றுமேடையில் நான் வாங்கி நட்டது இப்போது காய்க்கிறது. கன்றுக்கு முழுப் புள்ளி. வாங்கிய இடத்துக்குப் பாதிதான்.

பையைக் கிழித்தபோது ஆணிவேர் அடியில் சுருண்டு கிடந்தது. ஒட்டுக்குக் கீழே, அடிக்கட்டையில் வெடித்த குருத்தையும் கிள்ளாமலே விற்றிருக்கிறார்கள். அதை வளரவிட்டால் ஒட்டு அமுங்கிவிடும். கடைசியில் ஏதோ ஒரு நாட்டு மாங்காய்தான் மிஞ்சும். ஆகவே கன்றின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டிய இடத்தைத் தடவிப் பாருங்கள், வெடிப்பில்லாமல் மூடியிருக்க வேண்டும்.

மரம் நல்ல கெட்டி. சின்னதில் கோடைக்கு வாளித் தண்ணீரும் அடியில் வைக்கோலும் போதும். வேர் இறங்கிவிட்டால் சோளகக் காற்று அடித்துக் கிணற்றின் அடி தெரிந்தாலும் இலை வாடாது. பாசத்தில் வருடம் முழுக்க ஊற்றாதீர்கள், இலைதான் கொழுக்கும். மாரி ஓய்ந்து ஈரம் வற்றினால்தான் நன்றாகப் பூக்கும். அந்த நேரம் மப்புப் போட்டு மழை தூறினால் பூங்கொத்து கருகிக் கொட்டும். அதற்குக் கன்று விற்றவரைத் திட்டிப் பயனில்லை.

பழம் பழுத்தாலும் தோல் பச்சைதான். காம்படியில் தோள் நிரம்பி, இலேசாக மஞ்சள் ஓடி, மணம் வரும். அவ்வளவுதான் அடையாளம். வெட்டினால் செம்மஞ்சள் சதை, நார் குறைவு, கொட்டையைச் சூப்பினாலும் பல்லில் சிக்காது. பறிக்கும்போது கொஞ்சம் காம்பு விட்டு வெட்டுங்கள். பால் வடிந்தால் தோல் கருகிவிடும். பிறகு வைக்கோலுக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டு அக்கா டொம் இ.ஜே.சி. என்ற மா இனம் வைத்திருக்கிறா. பெரிய பழம், நல்ல நிறம், சந்தையில் உடனே விலைப்படும். என்னுடையதைப் பார்த்து "காயோ?" என்று கேட்பவர்களுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துத்தான் விற்க வேண்டியிருக்கிறது. ஆனால் வீட்டில் சாப்பிட என்றால், அக்காவே எங்கள் படலைக்குத்தான் வருவா.

ஐப்பசி மழையோடு நடுங்கள். மதிலிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள், மரம் விரியும். மாட்டுக்குக் கம்பி வலை போதும். குரங்குக்குத்தான் எனக்கு ஒரு வழியும் அகப்படவில்லை, மஞ்சள் ஓடும் முன்பே ஏறிவிடுகின்றன.