780 நானோமீட்டர் பெட்டி: வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எங்கள் ஆய்வகத்துக்கு வாங்கிய லித்தியம் நயோபேட் அலைநடத்திப் பெட்டி (1560 நானோமீட்டர் லேசர் ஒளியை 780 நானோமீட்டர் ஒளியாக மாற்றுவது) எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைப் பெட்டியை விற்பவர்கள் உலகில் சிலர்தான். யாரிடம் வாங்கினாலும் நான் சொல்லப்போகும் குறைக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகப் பெட்டி. ஒரு பக்கம் 1560 நானோமீட்டர் ஒளிக்கான இழை, மறுபக்கம் 780-க்கானது. உள்ளே சில சென்டிமீட்டர் நீளமுள்ள லித்தியம் நயோபேட் படிகம், அதில் ஒளியை அடக்கி நடத்திச் செல்லும், தலைமுடியைவிட மெல்லிய பாதையான அலைநடத்தி. படிகத்தின் முனைவுத் திசையை (உள்ளே மின்னூட்டங்கள் நோக்கும் திசை) இருபது மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் மாற்றி மாற்றித் திருப்பியிருக்கிறார்கள். திருப்பாமல் விட்டால் இரு நிற ஒளியும் வேறு வேறு வேகத்தில் போய், முன்னால் பிறந்த 780 ஒளியைப் பின்னால் பிறப்பது அழித்துவிடும். 1962-இல் இயற்பியலாளர் ப்ளூம்பெர்கனின் குழுவினர் காகிதத்தில் போட்டுவைத்த கணக்குதான் இது. லேசர் ஒளியால் ருபீடியம் அணுக்களைக் குளிர்விப்பவர்களுக்கு 780 வேண்டும். 1560-லோ, தொலைத்தொடர்புத் துறை வளர்த்துவிட்ட நல்ல லேசர்களும் அவற்றின் ஒளித்திறனைக் கூட்டும் எர்பியம் பெருக்கிகளும் கிடைக்கின்றன. நடுவில் இந்தப் பெட்டியைப் போட்டால் வேலை முடிந்தது.

அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 50 மில்லிவாட் ஊட்டினால் இரண்டரைக்குச் சற்றுக் குறைவான மில்லிவாட் வந்தது. 100 ஊட்டியபோது ஒன்பதரை. இருமடங்கு கொடுத்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு வர வேண்டும் என்ற விதிக்கு நியாயமாகவே நடந்துகொள்கிறது. வெப்பநிலை மட்டும் சரியாக இருக்க வேண்டும்: உச்சத்திலிருந்து ஒன்றரை டிகிரி விலகினால் பாதி போய்விடுகிறது. விற்றவர் தந்த சோதனைத் தாளில் 41.3 டிகிரி என்று இருந்தது. எங்கள் கட்டுப்படுத்தியில் உச்சம் 42.1-இல் கிடைத்தது. வெப்பநிலையை அளக்கும் உணரியான தெர்மிஸ்டர் ஒன்றுக்கொன்று இந்த அளவு வேறுபடும், அதைப் பெரிதுபடுத்த மாட்டேன்.

வெப்பநிலையை மெல்ல ஏற்றிக்கொண்டே வெளிவரும் ஒளியைப் பதிந்து பாருங்கள், படிகத்தின் குணம் தெரியும். நடுவில் ஓர் உச்சம், இரு பக்கமும் சிறு மேடுகள். அலைநடத்தி தலை முதல் வால் வரை ஒரே சீராக இருந்தால் மேடுகள் இரு பக்கமும் சமமாக இருக்கும். எங்களுடையதில் குளிர்ந்த பக்கத்து மேடு கொஞ்சம் உயரம். கண்ணில் படும், வேலையைக் கெடுக்காது. இன்னொன்று: 780 ஒளி கண்ணுக்கு மங்கிய செந்நிறமாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிகிறதே என்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். உண்மையான திறனில் ஒரு துளியைத்தான் கண் உணர்கிறது.

நாங்கள் வாங்கியது இதற்கு மட்டும் அல்ல. இதே பெட்டியைத் தலைகீழாகவும் ஓட்டலாம். 780 ஒளியை வெளியீட்டு இழை வழியாக உள்ளே அனுப்பினால், அரிதாக ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) இரண்டாகப் பிளந்து, 1560-ஐ ஒட்டிய இரட்டை ஃபோட்டான்கள் மறுமுனையில் வரும். ஜோடியை வடிகட்டிப் பிரித்து, இரண்டு உணரிகளிலும் ஒரே கணத்தில் பதிவாகிறதா என்று எண்ண வேண்டும்; அப்படிப் பதிவாவதுதான் உடனிகழ்வு. எஞ்சிய 780 ஒளியை ஒழிப்பது தனிப் பாடு. ஒரு மில்லிவாட் என்றாலே வினாடிக்கு 4-க்குப் பின்னால் 15 சுழியம் போட்ட அளவு ஃபோட்டான்கள். நாம் எண்ண நினைப்பதோ சில ஆயிரங்கள்.

இங்கேதான் இந்தப் பெட்டியின் இன்னொரு முகம் தெரிந்தது. நிறத்தை மாற்றும் வேலையில் இழை இணைப்பில் கொஞ்சம் ஒளி வீணானால் கவலையில்லை, பெருக்கியின் குமிழைச் சற்றுத் திருகினால் ஈடாகிவிடும். ஜோடிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு ஃபோட்டான் தொலைந்தால் ஜோடியே போயிற்று. பம்ப் ஒளியை, அதாவது உள்ளே அனுப்பும் 780 ஒளியை, கூட்டுவதால் தொலைந்தது திரும்பாது. எங்கள் மாணவன் கூட்டிப் பார்த்தான். "மேடம், உடனிகழ்வு எண்ணிக்கை ஏறிவிட்டது!" என்று உற்சாகமாகச் சொன்னான். "தற்செயல் எண்ணிக்கையையும் பார்த்துவிட்டுச் சொல்லப்பா" என்றேன். உண்மை ஜோடிகள் பம்ப் ஒளிக்கு நேர் விகிதத்தில் ஏறினால், தற்செயலாய்ச் சேர்ந்து பதிவாகிறவை அதன் இருமடி விகிதத்தில் ஏறும். உண்மை ஜோடிகளுக்கும் தற்செயல்களுக்குமான விகிதம் விழுந்து கிடந்தது. இந்த வேலைக்குச் சில மைக்ரோவாட்களே தாராளம்.

உடனிகழ்வுகளை, ஓர் உணரி தனியாகப் பதிந்த எண்ணிக்கையால் வகுத்து, உணரிகளின் திறனையும் வடிகட்டிகளின் இழப்பையும் ஒதுக்கிப் பார்த்தால், அலைநடத்தியில் பிறக்கும் ஒரு ஃபோட்டான் பெட்டியைவிட்டு இழைக்குள் வந்து சேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம். இருவரும் சேர்ந்து வருவது அதன் இருமடி, அதாவது ஐந்தில் ஒன்று. மீதி நான்கு பங்கு ஜோடிகளில் ஒருவராவது உள்ளேயே தொலைகிறார்.

சோதனைத் தாளில் இந்த எண் இல்லை. மாற்றுத்திறன், அதாவது ஒளியின் நிறத்தை மாற்றும் திறன், மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. 1560 பக்கத்து இணைப்பிழப்பு (அலைநடத்திக்கும் இழைக்கும் நடுவில் தொலையும் ஒளி) என்ன என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். மாற்றுத்திறனையே வேறு வார்த்தைகளில் சொல்லிப் பூசி மெழுகினார். கையைக் கடிக்கும் விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு இது போதாது.

மெல்லிய படல லித்தியம் நயோபேட் சிப்புகளுக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். ஒளியை இன்னும் நெருக்கிப் பிடிப்பதால் அவற்றின் மாற்றுத்திறன் பல மடங்கு அதிகம். ஆனால் அத்தனை சிறிய அலைநடத்தியிலிருந்து இழைக்கு ஒளியைக் கடத்துவதுதான் கடினம். நம் குறை அங்கேதான் தொடங்குகிறது. ஒளியைச் சுற்றிவரச் செய்யும் சிலிக்கான் நைட்ரைடு சிப்பு வளையங்களும் ஜோடிகளைத் தரும். ஆனால் அங்கே பம்ப் ஒளியும் 1550 பக்கத்திலேயே இருப்பதால் வடிகட்டுவது இன்னும் கடினம்.

அணுக்களைக் குளிர்விக்க என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஜோடிகளுக்கு என்றால், ஆர்டர் கொடுக்குமுன் 1560 பக்கத்து இணைப்பிழப்பை அளந்து எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அடுத்தவரைப் பாருங்கள். வெப்பநிலைக் கட்டுப்படுத்தி விலையில் சேராது, அதன் கம்பி வரிசையும் பெட்டியோடு தானாகப் பொருந்தாது. கையேட்டில் கடைசிப் பக்கத்துப் படத்தைப் பார்த்துச் சாலிடர் வைத்துக்கொள்ள வேண்டும்.