‘லைசென்ஸே தேவையில்லைங்க சார்’: மாடியில் டிஷ் வைத்து இணையம் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, “உங்க மாடியில இருக்கறாப்பல எங்களுக்கும் ஒரு டிஷ் வெக்கச் சொல்லியிருக்கேனுங்க, பத்தாயிரம் அட்வான்ஸ் கேக்கறாங்க” என்று சொல்லியிராவிட்டால், இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஊர் முழுக்க வரிக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஆள், பில் இல்லாமல் பணம் கொடுத்து ஏமாந்தான் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததுதான் இத்தனை நாள் பேசாமலிருந்ததற்குக் காரணம்.

எங்கள் வீடு ஆனைமலைக்கு அருகே, தார்ச் சாலையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. முன்னறைதான் அலுவலகம். சுற்றுவட்டாரத்து நார் ஆலைகளுக்கும் கொப்பரை வியாபாரிகளுக்கும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வதும், சரக்கு லாரியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் எடுத்துக் கொடுப்பதும் எங்கள் வேலை. கிராமங்களுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் ஃபைபர் ஊராட்சி அலுவலகம் வரை வந்திருக்கிறது, தோட்டத்து வீடுகளுக்கு வரவில்லை. 2023-இல் அறிமுகமான 5ஜி ஏர்ஃபைபர் எனும் கம்பியில்லா வீட்டு இணையச் சேவைகள் எங்கள் இடத்துக்கு இன்னும் எட்டவில்லை. கைபேசியில் 4ஜி மொட்டை மாடியில் மட்டும் கிடைக்கும். இந்த நிலையில், நகரத்திலிருந்து டிஷ் மூலம் நேராக இணையம் தருவதாக ஒருவர் வந்தபோது, நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

அவர் சொன்னவற்றில் முழுப் பொய் என்று காட்டக்கூடியவை மிகச் சிலவே. மற்றதெல்லாம் பாதி உண்மை. உதாரணமாக, “உங்களிடம் உரிமம் இருக்கிறதா” என்று நான் ஒருமுறை கேட்டேன். “அஞ்சு கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸே தேவையில்லைங்க சார், கவர்மெண்டே ஃப்ரீ பண்ணிட்டாங்க” என்றார். அந்த டிஷ்கள் இயங்கும் அலைவரிசை அது. 2018-இல் மத்திய அரசு அந்த அலைவரிசையில் பெரும்பகுதிக்கு உரிம விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் விலக்கு அலைவரிசைக்கு. இணையச் சேவையை விலைக்கு விற்பதற்கு அல்ல. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே இதுபோன்ற சேவைக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்; இன்று அதைத் தருவது மத்தியத் தொலைத்தொடர்புத் துறை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அந்தத் துறையின் இணையதளத்திலேயே கிடக்கிறது. தினமும் அரசு இணையதளங்களிலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு அதை ஒரு முறை திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

பொருத்துக் கூலி உட்பட 18,500 ரூபாய், மாதக் கட்டணம் 1,200 ரூபாய், மாறாத ஐபி முகவரிக்கு (வெளியிலிருந்து நம் இணைப்பைத் தேடி வர உதவும் எண்) தனியாக மாதம் 300 ரூபாய் என்று பேச்சு முடிந்தது. சித்திரையில் வந்து மொட்டை மாடியில் இருபது அடி ஜிஐ பைப்பை நிறுத்தி, நாலரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கட்டடத்தின் கோபுரத்தை நோக்கி ரேடியோவை (டிஷ்ஷோடு இருக்கும், சிக்னலை வாங்கி அனுப்பும் கருவி) திருப்பினார்கள். இரண்டு தென்னைகளுக்கு இடையே உள்ள சந்து வழியாகக் கோபுரம் தெரிந்தது. சிக்னல் வலு மைனஸ் 62 என்று, நல்ல நிலையில் காட்டியது. வேகம் 48 எம்பிபிஎஸ். வெயிலில் நின்றுகொண்டு அந்த எண்ணைப் பார்த்து நானும் மகிழ்ந்துபோனேன்.

கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது என்பது எனக்கு அப்போது தெரியாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. இரு முனைகளுக்கும் நடுவில் நீள்வட்டப் பந்து போல் விரிந்து சுருங்குகிறது. நாலரை கிலோமீட்டர் தூரத்துக்கு நட்டநடுவில் அதன் ஆரம் சுமார் ஏழரை மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். பச்சை ஓலையில் உள்ள நீர் இந்த அலைவரிசையை நன்றாக விழுங்கும். எனவே இரண்டு மரங்களுக்கு நடுவே சந்து பார்த்து டிஷ் கட்டுவது, காற்றில்லாத மாதத்தில் மட்டும் வேலை செய்யும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றி இந்தப் பகுதியில் பிறந்தவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மட்டை ஒவ்வொரு முறை ஆடும்போதும் இணைப்பு அறுந்து, மீண்டும் ஒட்டிக்கொண்டது. “மரத்தை வெட்டிருங்க சார்” என்றார் டிஷ்காரர். காய்க்கும் தென்னை; அதுவும் என்னுடையதல்ல.

காற்று ஆவணியில் அடங்கியது. ஆனால் இன்னொரு தொல்லை மட்டும் மாதந்தவறாமல் வந்தது. பதினெட்டாம் தேதி வாக்கில் வேகம் படுத்துவிடும். அடுத்த மாதம் முதல் தேதி காலையில் தானாகவே எழுந்துகொள்ளும். ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத வரிப் படிவத்துக்குக் கடைசி நாள் இருபதாம் தேதி என்பதால், எங்களுக்குக் கழுத்தறுக்கும் மூன்று நாட்களாகப் பார்த்து அது படுத்தது. புரட்டாசியில் ஓர் இரவு, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய நார்க்கட்டு லாரி ஆலை வாசலில் நிற்க, ஓட்டுநர் இ-வே பில்லுக்காக எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டாவது டீயையும் குடித்து முடித்து, தம்ளரைத் திண்ணை ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, “சார், நான் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுத் தரட்டுங்களா?” என்று கேட்டார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இருவரும் மொட்டை மாடிக்குப் போய், அந்த டிஷ்ஷின் அடியிலேயே நின்று, அவருடைய கைபேசி இணைப்பில் பில்லை எடுத்தோம். அதே மாதம் ஒரு வியாபாரியின் படிவம் இரண்டு நாள் தாமதமாகி, நாளுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணமும் வட்டியும் விழுந்தன. தொகை சிறியது, நானே கட்டினேன். அந்த வியாபாரி இப்போது வேறிடத்தில் கணக்குப் பார்க்கிறார்.

மாறாத ஐபி முகவரியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். கோயம்புத்தூரில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து எங்கள் டாலி (கணக்கு மென்பொருள்) கணினியை நேரடியாகத் திறந்து பார்ப்பதற்காகத்தான் அதைக் கேட்டிருந்தேன். டிஷ்காரர் ஒரு சீட்டில் 192.168.50.23 என்று எழுதிக் கொடுத்து, “இது மாறவே மாறாதுங்க” என்றார். மாறவில்லைதான். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லுபடியாகக் கூடியவை. வெளியுலகிலிருந்து அந்த முகவரியைத் தேடி யாரும் வர முடியாது. வீட்டுக்குள் அறைகளுக்கு இலக்கம் போட்டுவிட்டு, அதைக் கதவு எண் என்று தபால்காரரிடம் கொடுத்தது போன்ற வேலை இது. அதற்கு ஓராண்டுக்கும் மேலாக மாதம் 300 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

உண்மை வெளிப்பட்டதும் அந்த ஐபி விவகாரத்தில்தான். எதுவும் திறக்கவில்லை என்று ஆடிட்டர் அலுவலகத்துக் கணினிப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, கறுப்புத் திரையில், இணையம் எந்தெந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ‘ட்ரேசர்ட்’ கட்டளையை அடித்தான். எங்கள் ரவுட்டர், அடுத்து டிஷ்காரருடைய ரவுட்டர், அடுத்து இன்னொரு வீட்டு ரவுட்டர், அதற்குப் பிறகே வெளியுலகம். வெளியே தெரிந்த முகவரி ஒரு பெரிய நிறுவனத்தின் சாதாரண வீட்டு ஃபைபர் இணைப்பைச் சேர்ந்தது. அதாவது, நகரத்தில் ஒரு வீட்டுக்கென வாங்கிய ஒற்றை இணைப்பை, டிஷ்கள் வழியாக நானறிய முப்பது வீடுகளுக்கு மேல் பங்கு போட்டு விற்றிருக்கிறார். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் பல வீட்டு ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும். முப்பது வீட்டுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 110 ஜிபி. மாலையானால் ஒவ்வொரு வீட்டிலும் டிவியில் யூடியூப் ஓடும் காலத்தில், பதினெட்டாம் தேதி வரை தாக்குப்பிடித்ததே பெரிது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இணைப்பு கொடுக்கும்போது அவர் என்னிடம் ஆதார் நகலோ, விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமோ வாங்கவே இல்லை. ‘எவ்வளவு சுலபமாக முடித்துக் கொடுத்தார்’ என்று அன்று மெச்சினேன். முறையான சேவையாளர் அடையாளச் சான்று வாங்காமல் இணைப்புக் கொடுக்க மாட்டார். எங்களில் யாராவது ஒருவர் இணையத்தில் ஏதேனும் குற்றம் செய்திருந்தால், முப்பது வீட்டையும் ஒரே முகவரியாகத்தான் விசாரணை பார்த்திருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘அசல் காப்பர்’ என்று போட்ட கேபிளின் மேலுறை ஒரே வெயில் காலத்தில் வெடித்தது. கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் தூளாக உதிர்ந்து, உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. ரேடியோவுக்கான மின்சாரமும் அதே கம்பியில்தான் போகிறது. அலுமினியத்தில் தடை கூடுதல் என்பதால் ரேடியோ அடிக்கடி அணைந்து எழுந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். பைப்புக்கு எர்த்தும் அடிக்கவில்லை. ஐப்பசி இடியில், அந்தக் கம்பி வழியாக ரேடியோவுக்கு மின்சாரம் தரும் பிஓஇ அடாப்டர் கருகியபோது, புதியதற்கு 2,200 ரூபாய் என்னிடமே வாங்கினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “எஸ்டிமேட்ல ரீஃபண்டுன்னு எங்கயாவது எழுதியிருக்குங்களா?” என்றார். என் கையில் இருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஓர் எஸ்டிமேட் சீட்டு. மாதப் பணம் போனதோ அவருடைய மைத்துனரின் சேமிப்புக் கணக்குக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அவர்களும் முதலில் பில்லைத்தான் கேட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்பதால், எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ பதிவுகள், வாட்ஸப் உரையாடல்கள் ஆகியவற்றைத் திரட்டி மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை; அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம்.

வயர்லெஸ் இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் எங்கள் அலுவலகம் அதில்தான் ஓடுகிறது. அதே பைப்பில், இம்முறை எர்த் அடித்து, 4ஜிக்கான வெளி ஆன்டெனா ஒன்றைக் கட்டி, சிம் போடும் ரவுட்டரில் சேர்த்திருக்கிறோம். வேகம் 15 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அபூர்வம். ஆனால் இருபதாம் தேதியன்றும் அதே 15 வருகிறது. ஃபைபருக்கு நான்கு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, கம்பம் நடும் செலவைப் பகிர்ந்துகொண்டு, விண்ணப்பித்திருக்கிறோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மூன்றே கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: எந்த நிறுவனத்தின் உரிமத்தில் விற்கிறீர்கள், அந்தக் கோபுரத்துக்கு இணையம் எங்கிருந்து வருகிறது, ஜிஎஸ்டி எண்ணோடு பில் தருவீர்களா. அவர் தொலைபேசியில் முதல் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள், “சார், இதெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?” என்று மறுமுனையில் கேட்டிருக்கிறார்கள். பத்தாயிரம் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது.