இஎம்ஐ வேண்டாம் என்ற பிறகும் என் பெயரில் நான்கு கடன் விண்ணப்பங்கள்

வீட்டு உபயோகப் பொருள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு இன்னும் அவசரம்.

வாஷிங் மெஷின் வாங்க நானும் மனைவியும் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். இஎம்ஐ வேண்டாம், முழுப் பணமும் கட்டிவிடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "லோன் இல்லீங்க சார், உங்க பேருக்கு கேஷ்பேக் வருதான்னு பாக்கத்தான்" என்று பான் எண்ணும் பிறந்த தேதியும் கேட்டான். அப்புறம் வரிசையாக ஓடிபி வந்தது. வாரண்டி பதிவுக்கு என்று சொல்லி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டான். கேஷ்பேக் எதுவும் வரவில்லை. பணத்தைக் கட்டி, மெஷினை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

சில மாதம் கழித்து வீட்டுக் கடனுக்கு வங்கியில் விண்ணப்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதிகாரி என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். "ஒரே நாள்ல மூணு ஃபைனான்ஸ்ல லோன் கேட்டிருக்கீங்களே சார். அது போக தனியா பர்சனல் லோன் ஒண்ணு. இதுக்கெல்லாம் எழுத்துல விளக்கம் வேணும்" என்றார். முதல் மூன்றும் வாஷிங் மெஷின் வாங்கிய அதே தேதி. நான்காவது நிறுவனத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதே கிடையாது.

கடன்தான் வாங்கவில்லையே, என்கொயரி (கடன் கொடுக்கும் நிறுவனம் நம் அறிக்கையை எடுத்துப் பார்த்த பதிவு) இருந்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விட முடியாது. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் கிரெடிட் ஸ்கோர் (கடனுக்கான நம் மதிப்பெண்) குறையாது. ஆனால் கடன் விண்ணப்பத்துக்காக ஒரு நிறுவனம் எடுத்துப் பார்த்தால் அது பதிவாகும், ஸ்கோரையும் கொஞ்சம் இறக்கும். குறுகிய காலத்தில் நாலைந்து சேர்ந்தால், இந்த ஆள் பணத்துக்குத் திண்டாடுகிறார் என்றுதான் கடன் கொடுப்பவர் எடுத்துக்கொள்வார். அதைவிட முக்கியம், நம் பெயரில் வேறொருவர் கடன் வாங்கப் பார்க்கிறார் என்பதற்கு முதல் தடயமே இந்த என்கொயரிதான். கடன் கணக்கே திறந்துவிட்டால் பிறகு வசூல் ஏஜென்ட் வீட்டுக்கு வரும் வரை போகும்.

தெரியாத பெயர் எல்லாமே மோசடி என்றும் சொல்ல முடியாது. லோன் ஆப்புக்கு ஒரு பெயர் இருக்கும், அதற்குப் பின்னால் பணம் கொடுக்கும் நிதி நிறுவனத்துக்கு வேறு பெயர் இருக்கும். அறிக்கையில் வருவது நிதி நிறுவனத்தின் பெயர்தான். கிரெடிட் கார்டுக்கு எப்போதோ விண்ணப்பித்திருந்தாலும் அது என்கொயரியாகத்தான் நிற்கும். அதனால் தேதி, கடன் வகை, தொகை மூன்றையும் பார்த்து, அந்த நாளில் எங்கே என்ன வாங்கினோம் என்று யோசியுங்கள். எனக்கு முதல் மூன்றும் அப்படித்தான் பிடிபட்டன.

நான்காவதைப் பிடித்துக் கொடுத்தது அறிக்கையின் வேறொரு பகுதி. தொலைபேசி எண்களும் முகவரிகளும் வரிசையாக இருக்கும் அல்லவா? சிபில் அறிக்கையில் சிலவற்றின் பக்கத்தில் 'e' என்ற ஆங்கில எழுத்து சின்னதாக அடைப்புக்குறிக்குள் இருக்கும். என்கொயரி செய்த நிறுவனம் கொடுத்த தகவல் என்று அதற்குப் பொருள். எனக்கு அந்த அடையாளத்தோடு ஒரு மொபைல் எண் இருந்தது. அது என் எண்ணும் இல்லை, என் வீட்டில் யாருடையதும் இல்லை. யாரோ என் பான் எண்ணைப் போட்டு, தன் மொபைலைக் கொடுத்து விண்ணப்பித்திருக்கிறார். என்கொயரிப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் இந்தப் பகுதியையும் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

நான்காவது நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். விண்ணப்பத்தின் நகல், தேதி, நேரம், சம்மதம் பெற்ற மொபைல் எண், இவற்றைக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். அந்த எண் என்னுடையது இல்லை என்பதற்கு அறிக்கையின் பக்கத்தை இணைத்தேன். தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்து அந்த ஒப்புகையையும் சேர்த்தேன். (பணமே போயிருந்தால் முதலில் 1930 என்ற உதவி எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டும்.) கூடவே சிபில் தளத்தில், இந்த என்கொயரி என்னுடையது இல்லை என்று டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போட்டேன். சிபில் தானாக எதையும் அழிக்காது, சம்பந்தப்பட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் புகார் போடுவது நல்லது. இந்த நிறுவனம் நேர்மையாகவே நடந்துகொண்டது. விண்ணப்பம் தங்கள் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டது என்று எழுதி, பதிவை நீக்கச் சொல்லிவிட்டது. நீங்கியும் விட்டது.

கடை வழியாகப் போன மூன்றுதான் பெரிய தொல்லை. கஸ்டமர் கேரில் யார் எடுத்தாலும் ஒரே பதில்: "நீங்க ஓடிபி குடுத்திருக்கீங்க சார், அதுதான் கன்சென்ட்." வாரண்டிக்கு என்று சொல்லி வாங்கிய எண் எப்படிச் சம்மதம் ஆகும்? கடை மேனேஜரிடம் போய்க் கேட்டால், அந்தப் பையன் கடை ஊழியரே இல்லை, ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் என்கிறார். ஃபைனான்ஸ் கம்பெனியோ கடையைக் கைகாட்டுகிறது. பந்தாடினார்கள். அந்தப் பையனை மட்டும் குற்றம் சொல்லி எனக்குத் திருப்தி இல்லை. கடைக்குள் மேசை போட இடம் கொடுத்தது யார்? வாடிக்கையாளரை அந்த மேசைக்கு அனுப்பியது யார்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லி எழுத வேண்டும். தவறான தகவலைத் திருத்தக் கேட்டால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். அதில் கடன் நிறுவனத்துக்கு 21 நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. திருத்த மறுத்தால் காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இதை எழுதிய பிறகுதான் மூன்றில் ஒரு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமிருந்து ஒழுங்கான பதில் வந்தது, அதுவும் நீங்கியது. அதுவரை வந்தவை எல்லாம் அச்சடித்த பதில்கள். தொலைபேசியில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள்.

இதற்கிடையில் இன்னொரு கூட்டமும் அழைத்தது. சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம், ஒரு என்கொயரிக்கு இவ்வளவு ரூபாய் என்றார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். டிஸ்ப்யூட் போடக் கட்டணம் கிடையாது. அவர்கள் கேட்பதும் அதே பான், அதே ஆதார், அதே ஓடிபிதான்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நம் நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கலாம். யாராவது நம் அறிக்கையை எடுத்தால் இந்த நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அல்லது மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும் என்று அதே 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட இன்னொரு உத்தரவில் இருக்கிறது. ஆனால் அவர்களிடம் இருப்பது உங்கள் பழைய எண் என்றால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது. வங்கியில் எண்ணை மாற்றியிருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். கடையில் ஓடிபி கேட்டால், போனை அவர்கள் கையில் கொடுக்காமல் குறுஞ்செய்தி முழுவதையும் நீங்களே படியுங்கள். கிரெடிட், லோன் என்ற சொல் அதில் இருந்தால் எண்ணைச் சொல்லாதீர்கள். படிக்கத் தெரியாத அப்பா அம்மாவைத் தனியாக அந்த மேசைக்கு அனுப்பாதீர்கள்.

வங்கிக்கு விளக்கக் கடிதத்தோடு கடையின் பில்லையும் இணைத்துக் கொடுத்தேன். முழுப் பணம் கட்டியது அதில் தெளிவாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள், கடன் தாமதமாகத்தான் கிடைத்தது. மீதி இரண்டு நிறுவனங்கள் மீது ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் போட்டிருக்கிறேன். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் பதில் இல்லாமலோ பதிலில் திருப்தி இல்லாமலோ இருந்தால்தான் அங்கே எடுப்பார்கள். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.